யானை ஏன் திரும்பிப் போனது?



வாய்மொழித் தேர்வில் "எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறீர்களா? "ஏன்?" என்று தேர்வாளர் கேட்டதும் வாயடைத்துப் போகிறதா? ராட் கேம்பெல் உருவாக்கி 1982இல் வெளிவந்த 'டியர் ஸூ' என்ற ஆங்கிலப் படக்கதை கைகொடுக்கும்.

வளர்ப்புப் பிராணி ஒன்று கேட்டு ஒரு பிள்ளை விலங்குத் தோட்டத்துக்குக் கடிதம் போடுகிறது. முதலில் வருவது யானை! ரொம்பப் பெரிசு, திருப்பி அனுப்பியாச்சு. அடுத்து ஒட்டகச்சிவிங்கி, சிங்கம், ஒட்டகம், பாம்பு, குரங்கு, தவளை. உயரம், மூர்க்கம், சிடுசிடுப்பு என்று ஒவ்வொன்றிலும் ஒரு குறை. கடைசியில் வரும் நாய்க்குட்டி மட்டும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

ஒவ்வொரு பெட்டியும் திறந்து பார்க்கும் மடிப்பாக அமைந்திருக்கும். திறக்கும் முன்பே உள்ளே என்ன என்று பிள்ளைகள் ஊகிப்பார்கள். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது.

கதையில் காரணம் சுருக்கமாகவே வருகிறது. அதை நீட்டுவது உங்கள் வேலை. "யானை பெரிசு" என்பது பாதிப் பதில். "யானையை வளர்க்க முடியாது, மிகப் பெரியதாக இருப்பதால் வீவக வீட்டின் மின்தூக்கியில்கூட நுழையாது" என்பது முழுப் பதில். கருத்து, காரணம், விளைவு மூன்றும் வந்துவிட்டன.

ஆசிரியர்களே, வகுப்பில் ஆளுக்கொரு விலங்கைக் கொடுங்கள். முதலில் "பெரிசா இருக்கு, அதனால..." என்று பேசட்டும். பிறகு "பெரியதாக இருப்பதால்" என்று எழுதட்டும். பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் ஒரே பாடத்தில் கைக்கு வரும்.

மாணவர்களே, தேர்வில் "ஏன்?" என்று கேட்டால் பயப்படாதீர்கள். அந்த யானையை நினைத்துக்கொள்ளுங்கள்.