குறையை நிறைக்கும் கூட்டாளி

ஜொகூர் பாருவில் வெளியே செல்லப் புறப்படும் பலர், கைப்பேசியில் ‘கிராப்’ செயலியைத் திறந்து வாகனத்தை அழைக்கின்றனர். இன்று தென்கிழக்காசியாவின் பல நாடுகளில் இயங்கும் இந்நிறுவனம், 2012ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோலாலம்பூரில் ‘மைடெக்சி’ என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்கள் ஆந்தனி டான், டான் ஹூய் லிங் எனும் இருவர்.

இருவரும் அமெரிக்காவின் ஹார்வார்டு வணிகப் பள்ளியில் பயின்றவர்கள். எனினும், அவர்களின் பின்னணி வெவ்வேறானது. ஆந்தனி, வாகன வணிகத்தில் புகழ்பெற்ற குடும்பத்தில் பிறந்தவர். ஹூய் லிங், இயந்திரப் பொறியியல் படித்தவர். இரவில் வேலை முடிந்து டாக்சியில் தனியாக வீடு திரும்பும் பெண்ணின் அச்சத்தை நேரில் உணர்ந்தவர். ஒருவருக்கு வாகனத் தொழில் தெரியும். மற்றவருக்குப் பயணியின் சிக்கல் தெரியும். பின்னாளில், ஆந்தனி தலைமை நிர்வாகியாக நிறுவனத்தை வழிநடத்த, 2015இல் நிறுவனத்துக்குத் திரும்பிய ஹூய் லிங் அன்றாடச் செயல்பாடுகளைக் கவனித்தார்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய கூட்டணியைக் காணலாம். 2010இல் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினர். வாடிக்கையாளரின் தேவையறிந்து மென்பொருளைத் திட்டமிடுவதில் கிரிஷ் தேர்ந்தவர். அதைத் தொழில்நுட்பத்தால் உருவாக்குவதில் ஷான் வல்லவர். ‘ஃப்ரெஷ்வொர்க்ஸ்’ என்று பெயர் மாறிய அந்நிறுவனம், 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

நிறுவனர்களின் திறன்கள் ஏன் வேறுபட வேண்டும்? பொருளை உருவாக்குதல், அதை விற்றல், பணத்தை நிர்வகித்தல் ஆகிய மூன்றும் எந்தத் தொழிலுக்கும் தேவை. நிரல் எழுதுவதில் வல்ல இருவர் மட்டும் சேர்ந்தால், நல்ல செயலி உருவாகும். அதை வாங்க ஆள் இருக்காது. பேச்சுத்திறன் மிக்க இருவர் மட்டும் சேர்ந்தால், வாங்க ஆள் வருவர்; விற்கப் பொருள் இருக்காது.

ஆனால், திறன்கள் வேறுபடும்போது கருத்துகளும் வேறுபடும். “செயலியைச் சோதிக்க இன்னும் ஒரு மாதம் வேண்டும்” என்பார் உருவாக்குபவர். “நாளையே வெளியிட்டால்தான் வாடிக்கையாளர் காத்திருப்பார்” என்பார் விற்பவர். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இத்தகைய பிணக்கு நட்பையும் தொழிலையும் ஒருசேரக் கெடுத்துவிடலாம். ஆகவே, எந்தத் துறையில் யாருடைய முடிவு இறுதியானது என்பதைத் தொடக்கத்திலேயே வரையறுக்க வேண்டும். பங்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பனவற்றையும் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். திறன்கள் வேறுபடலாம், நேர்மையும் இலக்கும் வேறுபடக் கூடாது.

ஒரு செயலை அதற்குத் தக்கவரிடம் ஒப்படைப்பதன் சிறப்பை, திருக்குறளின் ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரம் விளக்குகிறது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. அதனால் புதிய தொழில் வாய்ப்புகள் எதிர்பார்க்கப்படுகின்றன. நாளை தொழில் தொடங்க விரும்பும் மாணவர்கள், தங்களைப் போன்றவரைத் தேடுவதற்கு முன், தங்களிடம் இல்லாத திறன் எதுவென அறிதல் வேண்டும். அத்திறன் உடையவரே சிறந்த கூட்டாளி.