தரிசு என்றால் காலி இடமா?

காட்டாமணக்குச் செடி உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். காம்பை ஒடித்து, வர்ற பாலை ஊதி முட்டை விடுவோமே, அதேதான். (கொட்டையை மட்டும் வாயில் வைக்காதீங்க. விஷம். தின்ற பிள்ளைகள் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி அடிக்கடி பேப்பரில் வரும்.) அந்தக் கொட்டையின் எண்ணெயிலிருந்து டீசல் செய்யலாம் என்பது ஒரு காலத்தில் நாடு முழுக்கப் பேச்சு.

எப்படி? எண்ணெயோடு மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பது பயோடீசல். 2003-ல் திட்டக்குழு காட்டாமணக்கைப் பெரிய அளவில் நடலாம் என்று அறிக்கை தந்தது. 2009-ல் வந்த உயிரி எரிபொருள் கொள்கை 2017-க்குள் 20 சதவீதம் கலக்க வேண்டும் என்றது. நடக்கவில்லை. 2018-ல் வந்த புதுக் கொள்கையில் பயோடீசலின் இலக்கு 2030-க்குள் 5 சதவீதம் என்று இறங்கிவிட்டது.

சரி, இதில் பறவைக்கும் பூச்சிக்கும் என்ன நஷ்டம்? "தரிசு நிலத்தில்தானே நடுகிறோம்" என்றார்கள். அந்தத் தரிசுக்குள் போய்ப் பாருங்கள். ஆவாரை, களா, காரை, சூரை எல்லாம் இருக்கும். கௌதாரி முட்டையிடுவதே புதரடித் தரையில்தான். கீரி, முயல், ஓணான், அப்புறம் ஊர் ஆடுகளுக்கு மேய்ச்சல். காட்டாமணக்கை ஆடு தொடாது. அதனால்தான் நம்மவர்கள் அதை வேலியில் வைத்தார்கள். வேலிச்செடியை நிலம் முழுக்க வைத்தால் ஆடு எங்கே போகும்?

திண்டிவனம் பக்கம் என் தாத்தாவும் அரை ஏக்கர் போட்டார். "தண்ணியே வேணாம்னு சொன்னாங்க. தண்ணி ஊத்தினாத்தான் காய்ச்சுது" என்பார். மூணாம் வருஷமே பிடுங்கிவிட்டார். கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வும், எதிர்பார்த்ததைவிட விளைச்சல் மிகக் குறைவு என்றே சொன்னது. விளைச்சல் குறைந்தால் அதே ஒரு லிட்டருக்கு இன்னும் அதிக நிலம் வேண்டும், இன்னும் அதிகப் புதர் போகும்.

மரக்காணம் போகும் இ.சி.ஆர். ரோட்டில் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கிறதே, பஸ்ஸில் இருந்து பார்த்தால் ஏதோ புதர் மாதிரிதான் தெரியும். ஆனால் காசா, வீரை, பாலை எல்லாம் உள்ள உலர் பசுமைமாறாக் காடு அது. நம் கடற்கரைப் பகுதியின் சொந்தக் காடு. கோயில் காடாக இருந்ததால் தப்பியது. சாமி இல்லாத புதர்களைக் காப்பாற்ற யார்?

எரிபொருள் கம்பெனிகள்தான் முதலில் இதைச் செய்ய வேண்டும் என்பேன். ஜே.சி.பி. வருவதற்கு முன்னால் மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, ஆடு மேய்ப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போய், அங்கே என்னென்ன வாழ்கிறது என்று எழுத வேண்டும். செடி பெயர் தெரியாவிட்டால் நம்ம ஊர் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டிலேயே உலர்செடித் தொகுப்பு இருக்கிறது. ஓடைக்கரையை அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரே செடியாக நடாமல் புங்கை, இலுப்பை என்று நம் மண்ணின் எண்ணெய் மரங்களைக் கலந்து வைக்கலாம். பூக்கிற நேரத்தில் மருந்து அடிக்கக் கூடாது. தேனீ செத்தால் காயும் குறையும், நஷ்டம் அவர்களுக்குத்தான்.

வாங்குகிறவரும் கண்டிப்பாக இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி, 2008 ஜனவரியில் இயற்கைக் காடாக இருந்த நிலத்தில் விளைந்த எரிபொருள் அவர்களின் இலக்குக் கணக்கில் சேராது.

எனக்குப் பிடித்த வழி வேறு. பொரித்து மிஞ்சிய எண்ணெய்! அதற்கு ஒரு அங்குல நிலம்கூட வேண்டாம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே இதற்குத் திட்டம் தொடங்கியது. பலமுறை காய்ந்து, துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது, அதைப் பயோடீசலுக்குக் கொடுக்கலாம். எங்கள் தெரு பஜ்ஜிக்கடை அண்ணனிடம், "மிச்ச எண்ணெயை என்னண்ணா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"மிச்சமா? அது எங்கம்மா மிஞ்சுது! நாளைக்கு அதுமேலதான் புதுசு ஊத்துவேன்" என்றார்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி