வெந்நீர்த் தொட்டி எத்தனை லிட்டர்?
சூரியத் தகடு போடுமுன் ஒரு வாளிக் கணக்கு

திருப்பதியில் வீடு கட்டிக்கொண்டு குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாதச் செலவுக் கணக்கில் எழுதப்படாத ஓர் இனம் உண்டு. அதுதான் விருந்தாளி. வேலூர், ஆரணி பக்கத்து உறவினர்கள் காட்பாடியில் ரயிலேறி இரவு வந்து படுப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து குளித்துவிட்டு அலிபிரிக்குப் புறப்படுவார்கள். நான்கு பேர் குளிப்பதற்குள் வெந்நீர் தீர்ந்துவிடும். வீட்டுக்காரம்மாளுக்கு மிஞ்சுவது பச்சைத் தண்ணீர்தான்.

சித்தூரில் விருந்தாளித் தொல்லை கொஞ்சம் குறைவு. மார்கழிக் குளிர் கொஞ்சம் கூடுதல். ஆகவே இரண்டு ஊர்களிலும் மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்ச் சாதனம் வைத்துக்கொள்ளும் ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. பி.எப். பணத்தில் ஒரு பகுதியை இதில் போடுகிறவர்களும் உண்டு. தொட்டி சிறிதாகப் போனால் விடியற்காலைச் சண்டை தீராது. பெரிதாகப் போனால் பணமும் போய், தண்ணீரும் வெதுவெதுப்போடு நின்றுவிடும்.

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில் எத்தனை பேர்?" என்பது. நான்கு பேர் என்றால் 100 லிட்டர் என்று எழுதிவிடுவார். தப்பில்லை, ஆனால் போதாது. எத்தனை வாளி, எந்த நேரத்தில், எவ்வளவு சூட்டில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

உடம்புக்கு இதமான குளியல் நீர் சுமார் 40 டிகிரி. ஒருவர் ஒன்றரை வாளி, அதாவது 30 லிட்டர் உபயோகிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 22 டிகிரி. மாலையில் 60 டிகிரியில் இருந்த தொட்டி நீர் விடியற்காலையில் 55 ஆக இறங்கியிருக்கிறது என்று கொண்டால், அந்த 30 லிட்டருக்குத் தொட்டியிலிருந்து சுமார் 16½ லிட்டர் எடுத்தால் போதும். மீதி பச்சைத் தண்ணீர். ஐந்து பேருக்கு 82 லிட்டர். நான்கு விருந்தாளிகள் சேர்ந்தால் 147 லிட்டர்.

ஆனால் 100 லிட்டர் தொட்டியிலிருந்து 100 லிட்டர் வெந்நீர் கிடைக்காது. மேலே வெந்நீர் எடுக்க எடுக்க, கீழே பச்சைத் தண்ணீர் புகுந்து கலக்கிறது. எண்பது லிட்டர் உருப்படியாகக் கிடைத்தால் நல்லது. இதையும் பாத்திரம் கழுவும் நீரையும் சேர்த்தால் ஐந்து பேர் குடும்பத்துக்கு 125 லிட்டரும், ஒன்பது பேருக்கு 200 லிட்டரும் வரும். ஷவரில் நின்று குளிக்கிறவர்கள் இருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. அதில் ஒரு குளியலுக்கு 50 லிட்டர் சாதாரணமாகப் போய்விடும்.

இங்கே ஒரு வார்த்தை. "இருபது லிட்டர்" என்று சொல்லி விற்கும் வாளியில், குளிப்பதற்குப் பிடிக்கும் அளவு பதினாறுதான் இருக்கும். கடைக்குப் போகுமுன் பால் பாத்திரத்தால் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

தொட்டிக்கேற்ற தகடு

பெரிய தொட்டியாக வாங்கிவிட்டால் கவலையில்லை என்று நினைப்பது பொதுவான தவறு. தொட்டி வெப்பத்தைச் சேமிக்குமே தவிர, உண்டாக்குவதில்லை. 100 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 3,500 கிலோ கலோரி வேண்டும். மின்சாரத்தில் சொன்னால் நான்கு யூனிட்டுக்குச் சற்று மேல். நல்ல வெயில் நாளில் 2 சதுர மீட்டர் தட்டைத் தகடு ஏறக்குறைய இவ்வளவு கொடுக்கும். அதே தகட்டோடு 200 லிட்டர் தொட்டியை இணைத்தால் நீர் 42 டிகிரியோடு நின்றுவிடும். குளிக்கலாம், ஆனால் பச்சைத் தண்ணீர் கலக்க வழியில்லை, மறுநாள் காலைக்குள் ஆறியும் போகும். ஆகவே 200 லிட்டருக்கு 4 சதுர மீட்டர் தகடு வேண்டும். மாறாகத் தகடு பெரிதாகித் தொட்டி சிறிதானால், சித்திரை மாதத்தில் நீர் கொதித்து ஆவி வெளியேறும். குழாயில் உப்புப் படிவதும் அதிகமாகும்.

தொட்டியின் அருமையை உலகம் அறிந்தது சுமார் நூறாண்டுகளுக்கு முன்தான். அமெரிக்காவில் 1891-ல் கெம்ப் என்பவர் காப்புரிமை பெற்ற சாதனத்தில், கறுப்பு வர்ணம் பூசிய தொட்டியே கண்ணாடிப் பெட்டிக்குள் வெயிலில் கிடந்தது. மாலையில் வெந்நீர் தரும், விடிவதற்குள் ஆறிவிடும். 1909-ல் கலிபோர்னியாவில் பெய்லி என்பவர் தகட்டையும் தொட்டியையும் பிரித்தார். தொட்டியைத் தகட்டுக்கு மேலே வைத்து, சூடு போகாமல் உறையிட்டு மூடினார். சூடான நீர் இலேசாகித் தானே மேலேறும், பம்பு தேவையில்லை. "பகலும் இரவும்" என்று பொருள்படும் பெயரை அந்தச் சாதனத்துக்கு வைத்தார். திருப்பதிக்காரர்களுக்கு வேண்டியதும் அந்த இரவுப் பகுதிதான். தொட்டி வாங்கும்போது லிட்டரை மட்டும் கேட்காமல், உறையின் கனத்தையும் கேட்க வேண்டும்.

திருமலையில் செய்தது

உள்ளூரிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 2002-ல் திருமலை அன்னதானச் சமையலுக்காக 106 குழிவான கண்ணாடித் தட்டுகள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் 9.2 சதுர மீட்டர். நாளொன்றுக்கு 4,000 கிலோவுக்கு மேல் நீராவி; சுமார் 15,000 பேருக்கு இரு வேளைச் சமையல் என்பது திட்டம். ஆனால் அதை ஏற்கெனவே இருந்த டீசல் பாய்லரோடு இணைத்தே அமைத்தார்கள். மேகம் மூடிய நாளில் பக்தர்களைப் பசியோடு உட்கார வைக்க முடியாதல்லவா!

வீட்டுக்கும் இதே யோசனை பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு நாள் சூரியன் வராவிட்டால் 300 லிட்டர் தொட்டியும் பயன்படாது. வருஷத்தில் நாலைந்து தடவை வரும் விருந்தாளிக்காக 200 லிட்டர் வாங்குவதைவிட, 125 அல்லது 150 லிட்டர் தொட்டியின் மேல்பாதியில் ஒரு மின்சாரக் காயில் வைத்துக்கொள்வது சிக்கனம். மாதம் மூன்று தடவை வருகிறார்களென்றால் 200 லிட்டரே சரி. காயில் ஸ்விட்ச் எப்போதும் போட்டபடி கிடக்கக்கூடாது. காலைக் குளியல் முடிந்ததும் அது தொட்டியைச் சூடாக்கிவிட்டால், பத்து மணி வெயிலுக்கு அங்கே வேலையே இருக்காது.

மின்சாரம் தரும் தகடு வைத்திருப்பவர்கள் கணக்கு வேறு. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 2024 முதல் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம். இது மின்சாரத் தகட்டுக்குத்தான். வெந்நீர்த் தகட்டுக்கு அல்ல. ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும். 25 லிட்டர் கீசரை 60 டிகிரிக்கு ஏற்ற ஒரு யூனிட் போதும். பகலில் மூன்று யூனிட் மிஞ்சுகிறது, அதை வெந்நீராகச் சேர்க்க வேண்டுமென்றால் 75 லிட்டர் கீசர் தேவை. கொடுத்த யூனிட்டைக் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டர் இருந்தால் அந்தச் செலவு அநாவசியம். சின்ன கீசரே போதும்.

கடைசியாகத் தண்ணீர். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் தட்டைத் தகட்டின் மெல்லிய குழாய்கள் சீக்கிரம் அடைபடும். அங்கே கழற்றிக் கழுவக்கூடிய கண்ணாடிக் குழாய் வகை, அல்லது வெப்பமாற்றி வைத்த தகடு நல்லது. எனாமல் பூசிய தொட்டிக்குள் ஆனோட் ராடு என்று ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படுவதே அதன் உத்தியோகம். வருஷம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றும்படி மெக்கானிக்கிடம் கேட்டு வாங்க வேண்டும். அவராகச் சொல்ல மாட்டார்.