ரோமைத் தேடிய ரோமர்கள் – 7: கால்வாய்க்குள் ஓநாய்

வாண்டல் அரசன் கெலிமருக்காகச் சமைத்து வைத்திருந்த விருந்தில் தளபதி பெலிசாரியஸ் கைநனைத்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 533 ஜூனில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து பாய் விரித்த படை, செப்டம்பர் 15 அன்று கார்த்தேஜுக்குள் இருந்தது. பதினைந்தாயிரம் பேர், மூன்று மாதம், அவ்வளவுதான். இதே வேலைக்காக 468-இல் பேரரசர் லியோ அனுப்பிய பிரம்மாண்டமான கப்பற்படை தீயில் போய், கஜானாவும் துடைத்துவிட்டாற்போல் ஆனது. அந்தக் கதையைச் சொல்லித்தான் நிதியைக் கவனித்த கப்படோக்கியா ஜான், 'வேண்டாம்' என்று பேரரசர் ஜஸ்டீனியனிடம் மன்றாடினார். கார்த்தேஜ் விழுந்த பிறகு அவருடைய எச்சரிக்கையை யார் கேட்பார்கள்? ஆப்பிரிக்கா கொஞ்சம் படுத்தி எடுத்திருந்தால் ஜஸ்டீனியன் இத்தாலியைத் தொட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இத்தாலியில் கோத்துகளின் ஆட்சி. போருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதை அவர்களே கொடுத்தார்கள். கான்ஸ்டான்டிநோபிளோடு நல்லுறவு வைத்திருந்த அரசி அமலசுந்தா 535-இல் கொல்லப்பட்டார். அந்த ஆண்டின் கடைசி நாளில் பெலிசாரியஸ் சிராக்யூஸ் வீதிகளில் பொற்காசுகளை இறைத்தபடி நுழைந்தார். சிசிலி முழுதும் கையில். அடுத்த ஆண்டு படை கடல் தாண்டி, நேப்பிள்ஸ் மதிலின் முன்னால் போய் முட்டிக்கொண்டு நின்றது.

அங்கே மதிலும் பலம், காவலும் பலம். ஊருக்குள் போகும் நீர்க்கால்வாயைப் பெலிசாரியஸ் வெட்டிவிட்டார். பயனில்லை, வீட்டுக்கு வீடு கிணறு. நாள் ஓட ஓட ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். முற்றுகையைக் கைவிட்டு நேரே ரோமுக்குப் போய்விடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், ஐசாரியச் சிப்பாய் ஒருவனுக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்தது. ஐசாரியர்கள் சின்ன ஆசியாவின் தென்பகுதி மலைவாசிகள். பாறை, குகை என்றால் அவர்களுக்குக் கொல்லைப்புறம் மாதிரி. தண்ணீர் நின்றுபோன கால்வாய் உள்ளே எப்படித்தான் கட்டியிருக்கிறது என்று பார்க்க அவன் நுழைந்தான். நடந்துகொண்டே போனான். மதிலை நெருங்கும் இடத்தில் கட்டுமானம் முடிந்து, இயற்கைப் பாறையைக் குடைந்த சிறு துளை. தண்ணீர் போகும், கேடயம் ஏந்திய ஆள் போக முடியாது.

செய்தி பெலிசாரியஸ் காதுக்குப் போனது. கடப்பாரை, கோடரி எதுவும் கூடாது என்று உத்தரவு. சத்தம் கேட்டால் காரியம் கெட்டது. கூரான இரும்பால் சுரண்டிச் சுரண்டியே துளையைப் பெரிதாக்கினார்கள். பிறகு ஒரு இரவு, விளக்கும் இரண்டு ஊதுகொம்புக்காரர்களுமாக நானூறு பேர் உள்ளே இறங்கினார்கள். பாதிப் பேருக்கு மேல் பயந்துபோய் வழியிலேயே திரும்பிவிட்டதை, படையோடு கூடவே இருந்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் மறைக்காமல் எழுதியிருக்கிறார். உடனே வேறு இருநூறு பேரைத் திரட்டினார் பெலிசாரியஸ். அதைப் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பியவர்களும் மறுபடி இறங்கினார்கள். உள்ளே நடக்கும் ஆரவாரம் மேலே கேட்டுவிடக் கூடாதே? பெஸ்ஸாஸ் என்ற தளபதி, அருகிலிருந்த கோபுரத்துக் காவலர்களைக் கோத்து மொழியில் உரக்க அழைத்து, சரணடையச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார். அவர்கள் பதிலுக்குத் திட்டித் தீர்த்தார்கள். அந்த வசவில் காலடி ஓசை கரைந்தது. இந்தப் பெஸ்ஸாஸை மறக்க வேண்டாம்.

கால்வாயின் கூரை ஓரிடத்தில் திறந்திருந்தது. அங்கே ஒரு பாழடைந்த வீடு, அதில் தனியாக ஒரு ஏழைப் பெண். மேலே ஒரு ஒலிவ மரம். ஒருவன் கவசத்தைக் கழற்றிவிட்டுக் கையாலும் காலாலும் சுவரைப் பற்றி ஏறினான். அந்தப் பெண்ணை மிரட்டி வாயடைத்தான். வாரை ஒலிவ மரத்தில் கட்டிக் கீழே விட்டான். ஒவ்வொருவராக ஏறினார்கள். காவலர்களை வெட்டிவிட்டுக் கொம்பு ஊதியதும், வெளியே இருந்தவர்கள் ஏணிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஏணி எட்டவில்லை! ரகசியம் காக்கப் போய்த் தச்சர்கள் மதிலை அளந்து பார்க்கவே இல்லை. இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டி ஏறினார்கள். விடிந்தபோது நேப்பிள்ஸில் கொலையும் கொள்ளையும். மீட்க வந்தவர்கள் மீட்டதன் முதல் லட்சணம் அதுதான்.

536 டிசம்பரில் ரோம் போரில்லாமல் கிடைத்தது. கோத்துக் காவற்படை ஃபிளமினியா வாசல் வழியே வெளியேற, அசினாரியா வாசல் வழியே பெலிசாரியஸ் ஐயாயிரம் பேருடன் நுழைந்தார். வந்தவுடன் மதிலைச் செப்பனிட்டதில் வியப்பில்லை. பின்னர் கோத்துகள் வந்து தண்ணீரை நிறுத்தியதும், ஊருக்குள் வரும் கால்வாய்களின் உட்புறத்தை நீண்ட தூரத்துக்குக் கல் வைத்து அடைத்ததுதான் அவருடைய சாமர்த்தியம். தான் நுழைந்த வழியில் இன்னொருவன் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே.

அடுத்த மார்ச்சில் கோத்துகளின் புதிய அரசன் விட்டிகிஸ் பெரும்படையோடு வந்து சேர்ந்தான். ஒன்றரை லட்சம் பேர் என்கிறார் புரோகோப்பியஸ். அதை நாம் நம்ப வேண்டியதில்லை. வந்ததும் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்கள் அத்தனையையும் அவன் உடைத்துப்போட்டான். பல நூற்றாண்டுகள் மலையூற்றுகளிலிருந்து ரோமுக்கு இறங்கி வந்த தண்ணீர் நின்றது. குடிக்க டைபர் ஆறும் கிணறுகளும் இருந்தன. குளியல் மண்டபங்கள் செத்தன. மாவு அரைக்க வழியில்லாமல் போனதுதான் பெரிய பாடு: ஜனிகுலம் குன்றின் சரிவில் கால்வாய்த் தண்ணீரில் ஓடிய ஆலைகள் நின்றன, மாடு பூட்டிச் சுற்றலாம் என்றால் தீவனம் இல்லை.

பெலிசாரியஸ் ஆற்றிலேயே ஆலை போட்டார். பாலத்துக்குக் கீழே கரைக்குக் கரை கயிறு கட்டி, இரண்டு படகுகளை இரண்டடி இடைவெளியில் நிறுத்தி, நடுவில் சக்கரத்தைத் தொங்கவிட்டார்கள். பாலத்துக் கண்ணிலிருந்து சீறி வரும் நீர் சக்கரத்தைச் சுற்றியது. படகின் மேல் மாவு அரைபட்டது. விவரம் தெரிந்த கோத்துகள் மேலிருந்து மரங்களையும், கொன்ற ரோமர்களின் பிணங்களையும் ஆற்றில் விட்டுச் சக்கரங்களை உடைத்தார்கள். பாலத்தின் குறுக்கே இரும்புச் சங்கிலி போட்டு அதையும் தடுத்தார்.

நேப்பிள்ஸ் வித்தையைக் கோத்துகளும் முயன்றார்கள். ஒரு இரவு சிலர் தீவட்டியோடு உடைந்த கால்வாய்க்குள் நுழைந்தார்கள். பின்சியன் வாசலருகே கால்வாயில் ஒரு சந்து. அதன் வழியே ஒளி தெரிய, ஒரு காவலன் பார்த்துவிட்டான். கூட இருந்தவர்கள் அவனைக் கிண்டல் செய்தார்கள்: ஓநாய் போயிருக்கும், அதன் கண்தான் மின்னியிருக்கும் என்று. உள்ளே போனவர்கள் பலட்டைன் குன்றருகே கல் அடைப்பில் முட்டி, அடையாளத்துக்கு ஒரு கல்லைப் பெயர்த்துக்கொண்டு திரும்பினார்கள். மறுநாள் இந்த ஓநாய்ப் பேச்சு பெலிசாரியஸ் காதில் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை, ஆள் அனுப்பினார். தீவட்டிச் சிந்தலும், கல் இருந்த பள்ளமும் கிடைத்தன. அன்று முதல் கால்வாய்க்குக் காவல்.

ஒரு ஆண்டும் ஒன்பது நாளும் கழித்து விட்டிகிஸ் முற்றுகையை விட்டுப் போனான். 540-இல் தலைநகர் ரவென்னாவும் விழுந்தது. பெலிசாரியஸ் திரும்பிப் போக, கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து கணக்கர் அலெக்ஸாண்டர் வந்தார். பொற்காசின் வட்டம் கெடாமல் ஓரத்தை நறுக்குவதில் கெட்டிக்காரர் என்பதால் 'கத்தரிக்கோல்' என்று பெயர். இத்தாலியர்களிடம் பழைய கோத்து அரசர் காலத்துப் பாக்கியையும் கேட்டார். சிப்பாய்களின் சம்பளத்திலும் கை வைத்தார். மனம் விட்டுப்போன அந்தப் படையின் எதிரே தோத்திலா என்ற இளைஞன் கோத்துகளின் அரசனானான்.

546-இல் ரோம் மறுபடி முற்றுகையில். இம்முறை உள்ளே காவல் தளபதி நம் பெஸ்ஸாஸ். பதுக்கிய தானியத்தைப் பணக்காரர்களுக்கு அநியாய விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் இடிபாடுகளில் முளைத்த காஞ்சொறியைப் பறித்து அவித்துத் தின்றார்கள். காவல் யார், காவல் எங்கே என்று கேட்க ஆளில்லை. அசினாரியா வாசலில் நின்ற நான்கு ஐசாரியச் சிப்பாய்கள் இரவில் கயிற்றில் இறங்கித் தோத்திலாவிடம் போனார்கள், விலை பேசினார்கள். டிசம்பர் 17 இரவு கோத்துகள் அதே கயிற்றில் ஏறி, வாசலின் தாழைக் கோடரியால் பிளந்தார்கள். பெஸ்ஸாஸ் வேறு வாசல் வழியே ஓடிவிட்டார். ஊரில் எஞ்சிய பொதுமக்கள் ஐந்நூறு பேர்தான் என்கிறார் புரோகோப்பியஸ். தானியம் விற்றுச் சேர்த்த பொற்காசுகள் பெஸ்ஸாஸின் வீட்டிலேயே கிடந்தன, தோத்திலா எடுத்துக்கொண்டான்.

(தொடரும்)