ஆறு வாரமாகக் கை அரிக்கிறதா?

கல்லாற்றைத் தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. வழியில் தேயிலைத் தோட்டங்கள். கொழுந்து பறிக்கும் கைக்கு ஈரம், வெயில், பூச்சிமருந்து எல்லாம் அன்றாடம். அந்தக் கை அரித்தால், அட்டை கடித்திருக்கும், கம்பளிப்பூச்சி பட்டிருக்கும் என்று விட்டுவிடுகிறோம். சில நாளில் அடங்கினால் சரி. ஆறு வாரம் தாண்டினால் அது நாட்பட்ட அரிப்பு. காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

எங்கே, எப்போது அரிக்கிறது?

இரவில் அதிகமாகி, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரிப்பொரியாக இருந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் சிரங்காக இருக்கலாம். குடும்பம் முழுவதும் ஒரே நாளில் மருந்து போடாவிட்டால் அது திரும்ப வரும். மருந்தடித்த பிறகு அரித்து, விடுமுறையில் குறைந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். தோலில் எதுவுமே தெரியாமல் முழங்கையைச் சுற்றி அரித்து, ஐஸ் வைத்தால் மட்டும் அடங்கினால், கழுத்தெலும்பில் நரம்பு அழுந்துவதும் வெயிலும் காரணமாகலாம். உடம்பெல்லாம் அரித்தால் சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு பரிசோதனைகள் தேவைப்படலாம்.

எடை குறைவு, விடாத காய்ச்சல், இரவில் வியர்வை, மஞ்சள் கண் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் தாமதிக்காதீர்கள்.

டியூப் வாங்கும் முன்

கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். படர்தாமரையில் பூசினால் இரண்டு நாளில் சிவப்பு மங்கும், அரிப்பு நிற்கும். நிறுத்தியதும் வட்டம் முன்பைவிடப் பெரிதாகப் பரவும், தோலும் மெலியும். அதனால்தான் 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. சீட்டு கேட்காத கடையில் அவற்றை வாங்காதீர்கள்.

மருத்துவரைப் பார்க்கும்வரை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சொறியாமல் ஈரத்துணி வையுங்கள். வெந்நீரும் காரமான சோப்பும் வேண்டாம்.

உங்கள் உரிமை

தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி தருவது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பூச்சிமருந்தைக் கையாள்வோரின் பாதுகாப்பையும் முதலாளியின் பொறுப்பாக்கியிருக்கிறது. கையுறை கேளுங்கள். கிடைக்காவிட்டால் சங்கத்திடமும் தொழிலாளர் துறையிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

மருந்து டப்பாவின் லேபிளில் வண்ண முக்கோணம் இருக்கும்: சிவப்பு கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை எனக் குறையும். லேபிளை செல்போனில் படமெடுத்து, அரிப்பு தொடங்கிய தேதியையும் குறித்து, விதுரா அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். தேவைப்பட்டால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், வேலையால் வந்த தோல் நோய் என்று நாளை இழப்பீடு கேட்க அவைதான் சாட்சி.