பறவாதிருந்த ஆண்டுகளின் கணக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் அயலிலே, உப்புக்காற்று ஓயாது வீசுகின்ற சீனன்குடா விமானத்தளத்தில் உபயோகமின்றி நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஜெட் புரொவோஸ்ட் பயிற்சி விமானங்கள், 1971 ஏப்ரலில் கிளர்ச்சி மூண்டபோது மீண்டும் சேவைக்கு எடுக்கப்பட்டமை இலங்கை விமானப்படைச் சரித்திரத்தில் பிரசித்தமான சம்பவம். விமானப்படைக்கு அதற்கான தொழில்நுட்பவியலாளர் உண்டு. பழைய சிறு விமானமொன்றைச் சொந்தப் பணத்தில் வாங்க முனைபவருக்கோ அத்தகைய சகாயம் இராது. ஆகையால், அது பறந்த மணித்தியாலங்களோடு பறவாதிருந்த ஆண்டுகளையும் அவர் விசாரித்தறிதல் அவசியம்.

1951இல் ஆரம்பமான ராயல் சிலோன் விமானப்படை முதன்முதலிற் பெற்ற சிப்மங்க் விமானத்தையே உதாரணமாகக் கொள்வோம். இத்தகைய விமானத்தின் உடலுக்கும் எஞ்சினுக்கும் தனித்தனி லொக் புத்தகங்கள் உண்டு. எஞ்சின் மாற்றப்படக்கூடியதாதலால் ஒன்றன் ஆயுள் மற்றதற்குப் பொருந்தாது. மொத்த மணித்தியாலம் குறைவென்பதைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடாமல், ஆண்டுதோறும் எவ்வளவு பறந்தது என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். நெடுங்காலம் அசையாதிருந்த எஞ்சினில், எண்ணெய் வடிந்த உட்பாகங்களை ஈரம் அரிக்கும். இறப்பர் வளையங்கள் இறுகிப்போகும். கடலோரத்தில் நின்றதாயின், அலுமினியத் தகடுகளின் பொருத்துக்களுக்கிடையே உப்பு புகுந்து, வெளியிற் பூசிய வர்ணத்தின் அடியில் மெல்ல மெல்லத் தன் நாசவேலையை நடத்தும். என் அபிப்பிராயத்தில், கொட்டகையில் உறங்கிய விமானத்தைவிட ஒழுங்காகப் பறந்து, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட விமானமே நம்பிக்கைக்குரியது.

பறந்த மணித்தியாலங்களும் யாவும் ஒரேதன்மையன அல்ல. சிப்மங்கின் இறக்கைகளின் பாரந்தாங்கும் உலோக அங்கங்களுக்கு ஆயுள் எல்லை விதிக்கப்பட்டுள்ளது. வானில் குட்டிக்கரணமடிக்கும் பயிற்சி, சாதாரண பிரயாணத்தைவிட விரைவாக அந்த ஆயுளைக் கரைத்துவிடும். ஆகவே ஒரே மணித்தியாலக் கணக்குள்ள இரண்டு விமானங்களில், ஒன்றுக்கு நீண்ட ஆயுளும் மற்றதற்குச் சொற்ப ஆயுளும் எஞ்சியிருத்தல் கூடும். விமானப்படையிற் கழிந்த காலத்துப் பதிவேடு தொலைந்திருப்பின், மிகப் பாதகமான கணிப்பையே மேற்கொள்ளுதல் விவேகம்.

தேசம் மாறும்போது விமானத்தின் பதிவெழுத்தும் மாறும். இலங்கையிலேயே ஆதியில் விபி-சி என்றிருந்தது பின்னர் 4ஆர் ஆயிற்று. அதனால், உற்பத்தியாளர் பொறித்த இலக்கத்தைக்கொண்டே சகல பதிவுகளையும் தொடர்ந்து சென்று, விபத்தும் பெரும் பழுதும் நேர்ந்த இடங்களைக் கண்டுபிடித்து, அங்கு தகடும் தறையாணியும் புத்தகம் சொல்வதற்கு இணங்குகின்றனவா என்று, விற்பவரோடு சம்பந்தமற்ற பொறியியலாளரைக்கொண்டு பரிசோதிக்கவேண்டும். பக்கங்களைப் பிரதியெடுக்க விற்பவர் சம்மதியாதவிடத்து முற்பணம் கொடுத்தலாகாது.