மாஸ் பி.ஜி.எம் வேண்டாம் மாஸ்டர்! - காலேஜ் கபடி டீம் வீடியோவுக்கு எந்த இசை?

ராத்திரி 11 மணி. காலையில் மேட்ச். ஹாஸ்டல் ரூமில் லேப்டாப்பைச் சுற்றி ஆறு பேர். ஒன்றரை நிமிட டீம் வீடியோ ரெடி. பின்னணியில் ஹிட் படத்தின் மாஸ் பி.ஜி.எம். யூடியூபில் ஏற்றியதும் வருகிறது காப்புரிமை அறிவிப்பு. பாட்டை நீக்கினால்தான் வீடியோ வெளியே தெரியும். விடிந்ததும் மாஸ்டர் அனுப்பும் லிங்கில், பையன்கள் ஊமைப்படத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

பல கல்லூரிகளில் நடக்கிற கதைதான். ஆனால், அந்த லிங்க் யாருக்குப் போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர யோசிக்கும் ப்ளஸ் டூ மாணவர்களுக்கு, ஜெர்சிக்கும் பயணச் செலவுக்கும் ஸ்பான்சர் செய்யக்கூடிய உள்ளூர் கடைக்காரருக்கு.

'30 விநாடிக்குள்ள போட்டா பிரச்னை இல்லடா' என்று எல்லா டீமிலும் ஒருவர் சொல்வார். அப்படி ஒரு விதியே கிடையாது. இசை நிறுவனங்கள் கொடுத்துவைத்திருக்கும் பாடல்களோடு, நாம் ஏற்றும் வீடியோவை யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' தானாகவே ஒப்பிடும். சில விநாடிகளிலேயே கண்டுபிடித்துவிடும். வீடியோவை முடக்குவதா, விளம்பரம் போட்டு வருமானத்தை எடுத்துக்கொள்வதா என்பது உரிமையாளர் விருப்பம்.

'ஸ்போர்ட்ஸ் டேயில ஸ்பீக்கர்ல போட்டோமே?' அது வேறு கணக்கு. மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் மட்டும் கூடும் கல்வி நிறுவன நிகழ்ச்சிக்கு 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. இணையத்தில் ஊரே பார்க்கிற வீடியோவுக்கு அது பொருந்தாது. இன்ஸ்டாகிராமிலும் கல்லூரியின் கணக்கு பிசினஸ் கணக்காக இருந்தால், சினிமாப் பாடல்கள் பல கிடைக்காது.

சரி, எதைத்தான் போடுவது?

யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. சிலவற்றுக்கு இசையமைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். அவசரத்துக்கு அது போதும். ஆனால், அதே இசை ஜிம் விளம்பரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும்!

கபடியின் தாளமே தனி. ஒரு ரெய்டு 30 விநாடி. அதில் பாதிக்கு மேல் பதுங்கல்தான். பாய்ச்சல் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். முதலிலிருந்து கடைசிவரை டமடமவென்று அடிக்கும் இசையில் அந்தப் பதுங்கல் காணாமல்போகும். ரெய்டர் கோட்டைத் தாண்டும்போது இசையை நிறுத்தி, அவர் மூச்சுவிடாமல் சொல்லும் 'கபடி கபடி'யை மட்டும் கேட்க விட்டுப்பாருங்கள். டிஃபெண்டர்கள் மடக்கும் நொடியில் அடி விழட்டும். பயிற்சியின்போது மேட் ஓரத்தில் ஒரு போனை வைத்தாலே மூச்சு, விசில், விழும் சத்தம் எல்லாம் கிடைத்துவிடும்.

அடிக்கு? கல்லூரியிலேயே பறை வாசிக்கும் மாணவர்கள் இருந்தால், ஒரு மாலை போதும். நிமிடத்துக்கு 120 அடி என்று வாசித்தால், அரை விநாடிக்கு ஓர் அடி. எடிட் செய்பவருக்குக் காட்சியை வெட்டுவது சுலபம். பாட்டு வேண்டுமென்றால் பாரதியார் இருக்கிறார். அவர் வரிகள் நாட்டுடைமை. யாரும் மெட்டமைத்துப் பாடலாம். சினிமாவில் வந்த அதே வரிகளின் ஒலிப்பதிவை எடுத்துப் போடுவதுதான் கூடாது.

ஒன்றை மறக்கக் கூடாது. வாசித்தவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். வெளியிலிருந்து வந்த கலைஞர் என்றால் சம்பளமும். வீடியோவின் கடைசியில், ஏழு வீரர்களின் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில் அவர்கள் பெயர்.